ஆறாவது வெடி

இதயம் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றே, கூரை ஓட்டுக்கு நடுவிலிருந்து ஒரு கயிறு இறங்கிக் கட்டிலுக்கு மேல் தொங்கியது. தேங்காய் நார்க் கயிறு. கட்டைவிரல் தடிமன். பிசிறு பிரியாமல் இருக்க முனையில் கம்பி சுற்றியிருந்தார்கள்.

இது தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே நர்ஸ் சொல்லியிருந்தார். "கொஞ்சப் பேருக்குக் கயிறு வரும். புடிச்சு இழுக்காதீங்க. ஈரத்துணி காயப்போடாதீங்க. கிருமி தொத்திக்கும்."

நாகமணி கயிற்றைச் சுருட்டிக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். அவள் என் மனைவி. எதையும் முதலில் சுருட்டி மாட்டிவிட்டுத்தான் யோசிப்பாள்.

நான் தறி ஓட்டுகிறவன். பெயர் திருமூர்த்தி. மீசை முளைப்பதற்கு முன்பே தறிக்குடோனில் நின்றவன். பழைய இதயம் கல்யாணத்துக்கு முன்பே வீங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உதடு நீலமாகும். அதனால் குழந்தை இப்போது வேண்டாம் என்று தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம்.

இப்போது டாக்டரம்மா சொல்லிவிட்டார். "முழு வாழ்க்கை வாழலாம். வேலைக்குப் போகலாம். குழந்தை பெத்துக்கலாம். மாத்திரையை மட்டும் நேரம் தவறாம போடுங்க. வெளிச் சாப்பாடு வேண்டாம். கூட்டம் வேண்டாம். புழுதி வேண்டாம். பயம் வேண்டாம்."

கடைசியாகச் சொன்னதற்கு மாத்திரை எழுதித் தரவில்லை.

இதயத்தில் இருந்த குறையை நாகமணிதான் முதலில் கண்டுபிடித்தாள். தையல் ஆறிய பிறகு ஒரு மத்தியானம் என் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருந்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இது அஞ்சடிச்சுட்டு நிக்குது."

"அப்பறம் அடிக்குதல்ல?"

"அடிக்குது. ஆனா ஆறாவதுக்கு எடம் உட்டுட்டு அடிக்குது."

நானும் கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து அடி. ஓர் இடைவெளி. மறுபடி ஐந்து. இடைவெளியில் ஒரு முறை கண் சிமிட்டலாம். அதற்கு மேல் முடியாது.

வேலைக்குப் போனேன். தறி ஓடியது. நான் நெய்த துணியில் குறுக்கே ஓடுகிற ஊடையில் ஆறாவது நூல் மட்டும் விழவே இல்லை. ஐந்து நூல், ஒரு சந்து. ஐந்து நூல், ஒரு சந்து. முதலாளி துணியை வெளிச்சத்தில் பிடித்து அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

"மூர்த்தி, இது துணியா, சன்னலா?"

"நெஞ்சு சரியில்லீங்க."

"அப்ப நெஞ்ச ஊட்டுல வெச்சுட்டு வா."

அப்படி வைத்துவிட்டு வர முடியாது என்றேன்.

"அப்ப நீயும் ஊட்டுலயே இரு."

அவர் கெட்டவரல்ல. துணி போகவில்லை என்றால் அவருக்கும் சோறில்லை.

வீட்டிலேயே இருந்தேன். வீடு ஆழமாக ஆரம்பித்தது.

கூரை மேலே போனது. ஒட்டடைக் கோல் எட்டாமல் போனபோதுதான் கவனித்தோம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து கரும்பாறை தெரிந்தது. பாறையில் நீர் கசிந்தது. மூலைகள் தேய்ந்து அறை வட்டமாயிற்று. பீரோ சுவரோடு ஒட்டாமல் நடுவில் வந்து நின்றது. வாடகை வீடு. ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"ஆணி அடிக்காதீங்கன்னு சொன்னேனல்ல," என்றார்.

ஓடுகள் இருந்த இடத்தில் ஒரு வட்ட வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அதைச் சுற்றி நான்கு தலைகள். முகம் தெரியவில்லை.

"சென்னியப்பா," என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்பிடி இங்க ஆரும் இல்லீங்க," என்றேன்.

"நீ ஆரு?"

"திருமூர்த்தி. தறிக்காரன்."

"நெஞ்சுக்குள்ள ஆரு?"

இதயத்தைக் கொடுத்தவர் பெயரை ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். அது சட்டம். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நெஞ்சு ஐந்து அடியையும் அவசரமாக அடித்து முடித்துவிட்டு நின்றது. கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற ஆள் மாதிரி.

மறுநாள் காலையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து இறங்கி வந்தார். குட்டையான ஆள். காதுமடலில் கல்தூசி. தரைக்கு வந்ததும் உள்ளங்கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"கிணறு வெட்டற செட்டு. நான் மேஸ்திரி வெள்ளியங்கிரி," என்றார். "எங்களுக்குக் கிரேனெல்லாம் கெடையாதுங்க. கையாலதான் இழுப்போம்."

நாகமணி டீ கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டே என் சட்டைப் பித்தானைப் பார்த்துப் பேசினார்.

"சௌக்கியமா சென்னியப்பா?"

"அண்ணா, மூஞ்சியப் பாத்துப் பேசுங்க," என்றாள் நாகமணி.

"மூஞ்சிகிட்ட எனக்கு ஒரு சோலியும் இல்லீங்க அம்மிணி."

பிறகு நடந்ததைச் சொன்னார். பாறையில் ஆறு குழி போட்டு, ஆறிலும் வெடிமருந்து கெட்டித்து, திரிக்கு நெருப்பு வைத்தவன் சென்னியப்பன். வைத்துவிட்டுக் கூடையில் ஏறிக் கயிற்றை ஆட்டினான். மேலே இழுத்துவிட்டார்கள். எல்லாரும் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டு சத்தத்தை எண்ணினார்கள். ஐந்துதான் கேட்டது.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்னு நாங்க சொன்னோம். அப்பிடி நடக்கறதுதான். இவன் ஒருத்தன் மட்டும் இல்லீங்கறான். ஒண்ணு பாக்கி நிக்குதுங்கறான். சித்த நேரம் பொறுடான்னா கேக்கல. சாயங்கால பஸ்ஸு போயிருமாம். எறங்கிட்டான்."

"வெடிச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஓரத்துல இருந்து ஒரு கல்லு உருண்டுச்சு. தலைல. நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகல. நல்ல வேளைங்க."

யாருக்கு நல்ல வேளை என்று சொல்லவில்லை.

"அதுக்கு நாங்க என்ன பண்ணோணும்?" என்றாள் நாகமணி.

"வெச்சவன்தான் முடிக்கோணும். எங்க செட்டு முறை அது. அடுத்தவன் வெச்ச வெடில எவனும் கைய வெக்க மாட்டான். அதை அப்பிடியே உட்டுட்டுப் போனா, வெடிய முழுங்கின செட்டுன்னு பேராயிரும். அப்பறம் ஒரு தோட்டத்துக்காரனும் கூப்புட மாட்டான். இப்பவே எங்க நாலு ஊட்டுலயும் அடுப்பு எரியலீங்க."

"வெச்சது கைதானுங்களே," என்றேன்.

"கைய எரிச்சாச்சு."

"வேற ஆருகிட்டயும் கேக்கலீங்களா?"

"கேக்காம இருப்பமா? கண்ணு வந்துச்சு. எட்டிப் பாத்துச்சு. இருட்டா இருக்குதுன்னு போயிருச்சு. கிட்னி ஒண்ணு புதுசா மளிகைக்கடை போட்டிருக்குதாம். கடைய உட்டுட்டு வர முடியாதாம். இன்னொண்ணு கதவையே தொறக்கல. கல்லீரலு, ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னுச்சு." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நெஞ்சுதான் மிச்சம்."

"அந்த வெடி இப்ப எங்க இருக்குது?"

மேஸ்திரி தாடையால் அடுப்பைக் காட்டினார்.

அடுப்பு மேடைக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு திரி நீட்டிக்கொண்டிருந்தது. நுனி கருகியிருந்தது. மிச்சம் சுண்டுவிரல் நீளம்.

"நான் எர்த்து ஒயருன்னு நெனச்சேன்," என்றாள் நாகமணி. அவள் அதை ஒரு நாள் விடாமல் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள்.

மேஸ்திரி கயிற்றைப் பிடித்து மேலே ஏறிப் போனார். அன்றிலிருந்து நாகமணி அடுப்புப் பற்றவைக்கவில்லை. வெளிச் சாப்பாடு எனக்கு ஆகாது. பிஸ்கட் தின்றோம். அரைத்து வைத்த தோசைமாவு பாத்திரத்தில் பொங்கி நின்றது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. முன்பு கண் சிமிட்டலாம். இப்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்கலாம். பிறகு ஒரு சட்டையை மடித்து வைக்கலாம் என்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஐந்தாவது அடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்ப்போம். மறுபடி அடித்ததும் வேலையைத் தொடர்வோம்.

"எங்கம்மா ஊட்டுக்குப் போயரலாம்," என்றாள்.

காங்கேயம் பஸ்ஸில் ஏறினோம். பஸ் கூரையைப் பொத்துக்கொண்டு கயிறு கூடவே வந்தது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். காங்கேயத்தில் மாமியார் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே எங்கள் அடுப்பு மேடை இருந்தது. அதன் கீழே திரி இருந்தது. மாமியார் அதைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

போன தடவை நேராக இருந்த நடைவழி இப்போது கீழ்நோக்கி இறங்கியது. சக்கர நாற்காலிகள் ஆள் தள்ளாமலே எங்களைத் தாண்டிப் போயின. சுவரில் கை வைத்தால் ஈரம். அடியில் டாக்டரம்மா ஹெல்மெட்டில் விளக்கு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். ஐந்து அடித்தது. அவர் காத்திருந்தார். காத்திருந்தபடியே பக்கத்து நோயாளிக்கு மருந்து எழுதினார். ஒரு போன் பேசி முடித்தார். பிறகுதான் மறுபடி அடித்தது.

"இடைவெளி நீளுது," என்றார்.

"மாத்திரைய மாத்தித் தருவீங்களா?" என்றாள் நாகமணி.

"மாத்திரை இதயத்துக்குத்தான். இதயம் நல்லா இருக்கு. இது பாக்கி வேலை."

"அப்பிடியே உட்டா?"

"ஏதாவது ஒரு நாள் அஞ்சோட நின்னுடும்."

"வெடிச்சா?"

"அது எங்க பிரிவுல வராது."

நாகமணி எழுந்திருக்கவில்லை. "முழு வாழ்க்கை வாழலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்," என்றார் டாக்டரம்மா. "எவ்வளவு நீளம்னு சொல்லலையே."

விளக்கை அணைத்துவிட்டார். நாங்கள் நடைவழியில் ஏறி வந்தோம். நெஞ்சு வலிக்கவில்லை. ஏறுவது அதற்குப் பழக்கம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். ஒரு தடவை இழுத்தேன். மேலே நான்கு தலைகளும் ஒன்றாக எட்டிப் பார்த்தன.

"திரி குட்டையா இருக்குதுங்க," என்று சொன்னேன்.

"புதுசு எறக்கறேன். ஈரம் படாம புடி."

புதுத் திரி கூடையில் இறங்கி வந்தது. கூடை பெரியது. கல் ஏற்றுகிற இரும்புக் கூடை. அடியில் சாக்கு விரித்திருந்தார்கள். நான் அடுப்பு மேடைக்குக் கீழே மண்டியிட்டேன். நெஞ்சு நிதானமாக அடித்தது. அதற்கு இந்த வேலை தெரியும்.

ஆனால் கை என்னுடையது. கைக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான். தறியில் நூல் அறுந்தால் போடுவோமே, அது. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். பழைய திரியையும் புதுத் திரியையும் சேர்த்து அதைப் போட்டேன். போட்ட பிறகுதான் மேலே யாரோ இருமுவது கேட்டது.

"அதென்ன முடிச்சு?" என்றார் மேஸ்திரி.

"தறி முடிச்சுங்க."

"நாங்க அப்பிடிப் போடமாட்டோம். சும்மா சேத்து வெச்சு நூலுல கட்டுவோம்."

"இது பிரியாதுங்க."

"பிரியறதப் பத்தி நான் கேக்கல. நெருப்பு உள்ள போகுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவிழ்க்கப் பார்த்தேன். தறி முடிச்சு அவிழாது. அவிழாமல் இருக்கத்தான் அதைப் போடுவது. அறுத்தால் பழைய திரியில் ஒன்றும் மிஞ்சாது.

"அப்பிடியே இருக்கட்டும்," என்று மேஸ்திரி கடைசியில் சொன்னார். "பத்தவெச்சுட்டு ஏறு. ரெண்டு தடவ இழு. இழுத்துட்டமுன்னா நிறுத்தமாட்டோம்."

திரும்பினால் நாகமணி ஏற்கெனவே கூடையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு பை நிறைய பிஸ்கட், ஒரு குடை. பீரோ சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

"அம்மிணி, கூடைல ஒரு ஆளுதான்," என்று மேலிருந்து கத்தினார்கள்.

"இவருக்குள்ள ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்கறாங்க. நான் மூணாவது. தாங்காதுன்னா வேற கயிறு போடுங்க," என்றாள்.

மேலே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு கயிறு இறுகியது.

தீக்குச்சியைக் கிழித்துப் புதுத் திரியின் நுனியில் வைத்தேன். சீறிக்கொண்டு பற்றியது. கூடைக்குள் காலைத் தூக்கி வைத்து, கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன்.

தரை கீழே போனது. அடுப்பு போனது. பீரோவின் மேல்தட்டு போனது. அதில் நாங்கள் தேடிக்கொண்டிருந்த ரேஷன் கார்டு கிடந்தது. எடுக்க நேரமில்லை. கீழே பொறி நகர்ந்தது. நெஞ்சு அடித்தது. ஒன்று. இரண்டு. காலண்டர் ஆணி தாண்டியது. மூன்று. பாறையில் உளி போட்ட தழும்புகள் தாண்டின. நான்கு. நாகமணி என் கையைப் பிடித்தாள். ஐந்து.

நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம்.

ஒன்றும் கேட்கவில்லை.

கீழே பார்த்தேன். பொறி முடிச்சில் போய் நின்றிருந்தது. அணையவில்லை. பீடி நுனி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. என் நெஞ்சும் அப்படியே நின்றிருந்தது. எனக்கு மூச்சு வந்தது, கண் தெரிந்தது, பசித்தது. ஆறாவது மட்டும் வரவில்லை.

"முடிச்சுல நிக்குதுங்க," என்று கத்தினேன்.

"தெரியுது. நீ ஆடாம இரு. இழுத்துட்டுத்தான் இருக்கறோம்."

இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பாறை கீழே போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் மேலே வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவிலேயே இருந்தது. தலைகள் பெரிதாகவில்லை.

"ஏனுங்க, மொதல்ல எது?" என்றாள் நாகமணி. "அது வெடிக்குமா, இது அடிக்குமா?"

"ரெண்டும் ஒண்ணா நடக்கும்னு நெனைக்கறேன்."

"அப்ப ஒண்ணுதான கேக்கும்?"

"ஆமா. மறுபடி மேல இருக்கறவங்களுக்குள்ள சண்டை வரும்."

அவள் சிரித்தாள். பிறகு மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. குடையை விரித்துக்கொண்டோம். பொறி நனையுமோ என்று பயந்தோம். நனைந்தால் நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அது நனையவில்லை. வெயில் காலம் வந்தது. மாத்திரை தீர்ந்தால் மேலிருந்து ஒரு தூக்குவாளியில் இறக்குவார்கள். அதிலேயே சோறும் வரும். உப்பு கம்மியாகப் போடச் சொல்லியிருந்தோம். மேலே ஒரு தலை நரைத்தது. ஒரு தலை போய் அந்த இடத்தில் முடி அடர்ந்த வேறு தலை வந்தது. அப்பன் கைமாற்றிக் கொடுத்த இடம் என்றார்கள். கயிறு நிற்கவே இல்லை.

குழந்தைப் பேச்சை நாகமணிதான் மறுபடி எடுத்தாள். டாக்டரம்மா சொல்லியிருக்கிறார் என்றாள். கூடையில் இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். கால் மடக்கினால் இருந்தது.

"கனம் கூடுதே," என்று மேஸ்திரி மேலிருந்து சொன்னார்.

"கூடத்தான் செய்யும். மாசமா இருக்கறேன்," என்றாள்.

அடுத்த தூக்குவாளியில் மாங்காய் வந்தது.

பெண் குழந்தை. அழுத சத்தத்தில் பொறி அசைந்த மாதிரி இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். பிறகு அது பழைய இடத்திலேயே மின்னியது. கூடையின் கைப்பிடியில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டோம். மேலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கண் யார் மாதிரி, மூக்கு யார் மாதிரி என்று கேட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. ஆனாலும் சொன்னோம்.

இப்போது அவள் உட்காருகிறாள். கம்பியைப் பிடித்து நிற்கிறாள். கீழே சிவப்பாகத் தெரிவதைக் காட்டி "பூ" என்கிறாள். நாங்கள் ஆமாம் என்கிறோம். என் நெஞ்சில் காதை வைத்துப் படுக்க அவளுக்குப் பிடிக்கும். அங்கே ஒன்றும் கேட்காது. அதனாலேயே நன்றாகத் தூங்குவாள்.

எண்ணப் பழகியிருக்கிறாள். நாகமணிதான் சொல்லிக்கொடுத்தாள். இடது கையை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடக்குவாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. மேலே கயிற்றைப் பிடித்திருக்கிறவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். ஒரு கை முடிந்ததும் அவள் அடுத்த கையைத் தூக்குவாள்.

நாகமணி சட்டென்று அந்தக் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவாள்.